வேலையில்லாத கோடு

சிட் லாய்-குவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கோடு போடுவது. பேனாவாலோ பென்சிலாலோ இல்லை. கண்ணாடி போன்ற பெரிய ஃபிலிமை வெளிச்ச மேஜைமேல் விரித்து, மெல்லிய கறுப்பு டேப்பை அதன்மேல் இழுத்து ஒட்டுவாள். திருப்பத்தில் நகத்தால் அழுத்துவாள், முடியும் இடத்தில் பிளேடால் நறுக்குவாள். அந்த ஃபிலிமைப் படமெடுத்துப் பாதியாகச் சுருக்கினால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சைப் போர்டில் செப்புக் கோடுகளாக விழும். குன் டோங்கில் ஒரு தொழிற்கூடக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில், பூன் விங்-சியுங் என்பவருடைய பட்டறையில் பதினொரு வருஷமாக அவளுக்கு இதே வேலை. முதலில் ரேடியோ, பிறகு டெலிவிஷனில் விளையாடும் விளையாட்டுப் பெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர். ஒரு கம்ப்யூட்டரைக்கூட அவள் தட்டிப் பார்த்ததில்லை. அதற்குள் எந்தக் கோடு எங்கே திரும்புகிறது என்பது மட்டும் மனப்பாடம்.

ஹாலிடன் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. அவர்களுடைய மெஷின் ஒன்று வாங்குகிற பணத்தில் பூனுடைய ‘வெள்ளைக் கொக்கு’ மூன்று வாங்கலாம். இரண்டுக்கும் உள்ளே ஒரே போர்டு. பூன் செய்தது இவ்வளவுதான்: ஒரு ஹாலிடனைக் காசு கொடுத்து வாங்கினார், பிரித்தார், சிப்புகளைச் சூடுகாட்டிக் கழற்றினார், வெறும் போர்டை லாய்-குவன் மேஜையில் வைத்து, “இத அப்படியே எடுத்துக் குடு” என்றார். அவளும் பதினாறு நாளில் எடுத்துக் கொடுத்தாள். அது திருட்டா என்று அந்தக் கட்டிடத்தில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். நான்காவது மாடியில் கைக்கடிகாரம், ஆறாவதில் ஜீன்ஸ், எட்டாவதில் சென்ட் பாட்டில். அந்த லிஃப்டில் ஏறுகிற எந்தச் சரக்குக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

ஒரு போர்டை நகலெடுப்பதில் ஒரு விதி இருந்தது, யாரும் எழுதி வைக்காத விதி. எதையும் விடக்கூடாது. எந்தக் கோடு எதற்கு என்று நகலெடுக்கிறவனுக்குத் தெரியாது. ஒன்றை எடுத்துவிட்டால் மெஷின் செத்துப்போகுமோ என்ற பயம். அதனால் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிடுவார்கள்.

லாய்-குவனுக்கு ஒரே தம்பி, கா-ஃபாய். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா சீக்கிரம் போய்விட்டாள், அப்பா டிராமில் கண்டக்டராக இருந்து நெஞ்சுச்சளியோடு ஓய்வு பெற்றவர். தம்பியை வளர்த்தது அக்காதான். அவனைப் பூனிடம் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். இதை அவள் பிற்பாடு தினமும் நினைத்துக்கொண்டாள்.

ஷாம் ஷுய் போவில் கம்ப்யூட்டர் விற்கிற கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் பூனுக்கு ஒரு கடை இருந்தது. கதவகலம், கைக்கெட்டும் ஆழம். அதில் கா-ஃபாயை உட்காரவைத்தார்.

“பேரு மட்டும் உன் பேர்ல இருக்கட்டும், தம்பி. சும்மா ஒரு பதிவுதான். நான் வயசானவன், ஒவ்வொரு கடைக்கும் கையெழுத்துப் போட நடக்க முடியுமா?” என்றார் பூன். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறப் போகிறவர்.

“கடை என் பேர்லயா? அப்ப நான்தான் முதலாளியா?” என்று கா-ஃபாய் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

1983-இல் சித்திரை வெயில் ஆரம்பித்த நேரத்தில் சுங்கத்துறைக்காரர்கள் அந்த வளாகத்துக்குள் நுழைந்தார்கள். ஹாலிடன் கம்பெனி வக்கீல்களை வைத்து, நகல் மெஷின் விற்கிற கடைகளின் பட்டியலையே தயார் பண்ணிக் கொடுத்திருந்தது. கா-ஃபாயின் கடையில் பத்தொன்பது வெள்ளைக் கொக்குகள். யார் கடை என்று கேட்டதற்கு அவன் உண்மையைச் சொன்னான், பூனுடையது என்று. காகிதத்தைப் பார்த்தார்கள். அதில் பூன் எங்கேயும் இல்லை.

அன்று மாலையே பூன் லாய்-குவனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வாயத் திறந்துடாத. கோடு போட்டவ நீ. திறந்தா அக்காவும் தம்பியும் சேர்ந்து உள்ள போவீங்க. உங்கப்பாவுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? நீ சும்மா இரு, நான் பெரிய வக்கீலா வச்சு அபராதத்தோட முடிச்சுத் தரேன்.”

அவள் சும்மா இருந்தாள். அவளும் மனுஷிதானே, பயந்தாள். பெரிய வக்கீல் வரவேயில்லை. வந்தது பூன்தான், அதுவும் அரசுத் தரப்புச் சாட்சியாக. கூண்டில் ஏறி நின்று, கா-ஃபாயை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“இவரா? பார்த்த மாதிரியே இல்லையே. யாரு இவரு?” என்றார்.

குற்றவாளிக் கூண்டுக்குள் கா-ஃபாய் முதலில் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டுப் பட்டனைப் போட்டார், வெளியே போய்விட்டார். அந்த அவசரம்தான் பிற்பாடு அவருக்கு வினையாயிற்று.

ஏனென்றால் அவர் போனதும் ஹாலிடன் கம்பெனியின் ஆள் ஒருவன் கூண்டில் ஏறினான். செம்பட்டை முடி, வியர்த்த கழுத்து. அவன் ஒரு கையில் ஹாலிடன் போர்டையும் மறு கையில் வெள்ளைக் கொக்குப் போர்டையும் தூக்கிப் பிடித்து, இடதுபுற மூலையில் ஒரு கோட்டைக் காட்டினான். ஒரு சிப்பின் காலிலிருந்து கிளம்பி, இரண்டு விரல் தூரம் ஓடி, முழங்கை மாதிரி மடங்கி, ஒன்றுமே செருகாத ஓட்டையில் போய் நிற்கிற கோடு.

“இந்தக் கோட்டுக்கு எந்த வேலையும் கிடையாது. நாங்களே வேண்டுமென்று போட்டது. சொந்தமாக யோசித்து வரைகிறவன் இதைப் போடமாட்டான். எங்கள் போர்டைப் பார்த்து இழுத்தவன் மட்டும்தான் போடுவான்” என்று மொழிபெயர்ப்பாளர் கான்டனீஸில் சொன்னார்.

லாய்-குவனுக்கு அந்தக் கோடு ஞாபகம் இருந்தது. அதை ஒட்டும்போதே, இது எதற்கு இங்கே வந்து சும்மா நிற்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாள். விதிப்படி விடாமல் ஒட்டினாள். அவள் ஒட்டிய கோட்டைக் காட்டி அவள் தம்பிக்கு எட்டு மாதம் தண்டனை கொடுத்தார்கள்.

ஐந்தாவது மாதம் அப்பா செத்துப்போனார்.

கான்டனீஸ் குடும்பத்தில் அப்பனுடைய ஆவிக்கு வழிகாட்டுகிற கொடியைப் பிடிக்க மகன் வேண்டும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் ‘தண்ணீர் வாங்கி’ வந்து, அதில் அப்பன் முகத்தைத் துடைக்க மகன் வேண்டும். கா-ஃபாயை விடச்சொல்லி மனு போட்டாள். அனுமதி வந்தது, அடக்கம் முடிந்த மறுநாள். கொடியை லாய்-குவனே பிடித்தாள். தண்ணீரும் அவளே வாங்கினாள். சித்தப்பா ஒருவர், “ஆம்பளப் பிள்ள இருந்தும் இப்படி” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்தச் சாவு வீட்டுக்குப் பூன் வந்தார். ஆளுயரப் பூவளையத்தோடு வந்தார். சாவு மண்டபத்தில் நிற்கிற ஆள் உரக்கச் சொன்னான், முதல் வணக்கம், இரண்டாம் வணக்கம், மூன்றாம் வணக்கம். பூன் அப்பாவின் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்தார். குடும்பத்தார் பதில் வணக்கம் என்றான். வழக்கம் வழக்கம்தான். தரையில் உட்கார்ந்திருந்த லாய்-குவன் எழுந்து, தன் தம்பியைத் தெரியாது என்று சொன்னவனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

அப்படிக் குனிந்தபோதுதான் அவள் முடிவு பண்ணினாள். இந்த ஆளைத் தம்பி நின்ற அதே கூண்டில் நிறுத்தாமல் விடுவதில்லை.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். பூனுக்கே ஆச்சரியம். டீக்கடையிலிருந்து அவளுக்கு ஒரு பால் டீயும் அன்னாசி பன்னும் வரவழைத்துக் கொடுத்தார்.

“உனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே?”

“என்ன இருக்கு முதலாளி? அவன் விதி.”

“அதான். உன்ன மாதிரி புரிஞ்சிக்கிற ஆளு கிடைக்காது” என்று பூன் நிம்மதியாக அவளுடைய பன்னில் பாதியைப் பிய்த்துத் தின்றார்.

கா-ஃபாய் வெளியே வந்தபோது பாதி உடம்பாக இருந்தான். யாரிடமும் பேசமாட்டான். மினிபஸ் ஓட்டப் போனான். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி வைக்கமாட்டான், அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தான் போலிருக்கிறது. லாய்-குவன் அதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் பட்டறைக்குப் போய்ப் பூனுக்கு “குட் மார்னிங் முதலாளி” சொன்னாள்.

பழிவாங்குவது என்று முடிவு பண்ணுவது சுலபம். வழிதான் இல்லை. சுங்கத்துறைக்குக் கடிதம் போட்டால் போய் ஒரு கடையைப் பிடிப்பார்கள், அந்தக் கடை இன்னொரு கா-ஃபாய் பேரில் இருக்கும். பட்டறைக்கே வந்தாலும், போர்டெல்லாம் தைவானிலிருந்து வந்தது, நான் பெட்டியில் போடுகிறவன் என்பார் பூன். எதைக் காட்டினாலும் என்னுடையது இல்லை என்று சொல்லப் பழகிய வாய் அது. அந்த வாயால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ‘இது என்னுடையது’ என்று சொல்லவைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு வருஷம் டேப்பை ஒட்டிக்கொண்டே யோசித்தாள்.

வழியை மோக் கொண்டுவந்தான். மோக் எதிர்க்கட்டிடத்து மூன்றாவது மாடிக்காரன், முன்பு பூனுக்கே விசைப்பலகை சப்ளை பண்ணியவன். ஒரு நாள் பூன் ஷாம் ஷுய் போவிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து மேஜைமேல் போட்டார். பெட்டி, எழுத்து, கொக்கு எல்லாம் அவருடையதேதான். கொக்கு மட்டும் நீலம்.

“பாரு! பாரு இந்த நாயப் பாரு! ‘நீலக் கொக்கு’வாம்! என் பெட்டி, என் போர்டு, என் கொக்கு! ரத்தத்தச் சிந்தி நான் உண்டாக்கினத இவன் பத்து நாள்ல நகலெடுத்துட்டான். திருட்டுப் பய! நாட்டுல நியாயம் இருக்கா குவன்?”

அவர் கண் கலங்கியே விட்டது. நான் மிகைப்படுத்தவில்லை, அந்தப் பட்டறையில் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த பெண்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். லாய்-குவன் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“முதலாளி, அடுத்த போர்டுல நம்ம அடையாளம் ஒண்ணு வச்சா என்ன?”

“பேரப் போடு. பெருசா என் பேரப் போடு.”

“பேரு போட்டா சுரண்டிடுவாங்க. ஒரு கோடு போடுவோம். வேலையில்லாத கோடு. எதுக்குன்னு தெரியாததால மோக் அதத் தொடப் பயப்படுவான், அப்படியே எடுப்பான். அப்புறம் கையும் களவுமா பிடிக்கலாம்.”

பூன் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அடிப்பாவி, இவ்வளவு மூளைய எங்க ஒளிச்சு வச்சிருந்த?” என்றார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: “ஒண்ணு கேட்டுக்க. கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா ஹாலிடன்காரன் மூக்க நுழைப்பான். அதனால அடுத்த கொக்க முழுசா மாத்திப் போடு. சிப்ப இடம் மாத்து, வரிசைய மாத்து. ரெண்டையும் பக்கத்துல வச்சா பெத்தவனுக்கே அடையாளம் தெரியக்கூடாது.”

“தெரியாது முதலாளி.”

நாற்பது நாள் உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் போட்ட போர்டுகளில் அதுதான் அழகு. சிப்புகளை இடம் மாற்றினாள், கோடுகளை நேராக்கினாள், அகலத்தில் நான்கு விரற்கடை குறைத்தாள். வலது மூலையில் கொக்கின் கால் மாதிரி வளைந்து எங்கும் போய்ச் சேராத கோடு ஒன்றைப் பூன் சொன்னபடி வைத்தாள். எல்லாவற்றையும் மாற்றியவள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. இடது மூலையில் அந்தச் சிப்பை அதே இடத்தில் விட்டாள். அதன் காலிலிருந்து கோட்டைக் கிளப்பி, இரண்டு விரல் தூரம் ஓடவிட்டு, முழங்கை மாதிரி மடக்கி, ஒன்றுமில்லாத ஓட்டையில் கொண்டுபோய் நிறுத்தினாள். நகத்தால் நன்றாக அழுத்தினாள்.

பூனுக்குப் போர்டைப் படிக்கத் தெரியாது. சோதித்துப் பார்க்கிறவன் மெஷின் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பான். ஓடியது.

புது வெள்ளைக் கொக்கு கடைக்கு வந்த பன்னிரண்டாம் நாள் புது நீலக் கொக்கும் வந்தது. பூன் அதை வாங்கி வந்து, உட்காராமலே திருகாணியைக் கழற்றினார். வலது மூலையில் கொக்குக்கால் அப்படியே இருந்தது.

“மாட்டினான்டா!” என்று கத்தினார். பட்டறை முழுவதற்கும் வறுத்த வாத்து வாங்கிப் போட்டார்.

அந்த வாத்தைத் தின்றுகொண்டே லாய்-குவன் மெதுவாகச் சொன்னாள். “வரைபடம் வரைஞ்சவனுக்கே சொந்தம்னு சட்டம் இருக்காமே முதலாளி. ஹாலிடன் வக்கீல் அன்னிக்குக் கோர்ட்டுல சொன்னான். வெள்ளைக்காரனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?”

“அதானே!” என்றார் பூன், வாயில் எலும்போடு.

வக்கீல் பிடித்தார். வக்கீல் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். வரைபடம் எங்கே? யார் வரைந்தது? எந்த இடத்தில், யார் சொல்லி? எல்லாவற்றையும் சத்தியப் பத்திரமாக எழுதினார்கள். இந்த ஃபிலிம் என் பட்டறையில், என் செலவில், என் மேற்பார்வையில், என் ஊழியரால் வரையப்பட்டது; இதிலுள்ள ஒவ்வொரு கோடும் எனக்குச் சொந்தம். ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பூன் கையெழுத்துப் போட்டார். தம்பி, கடைக்காரன் என்று யார் பேரையும் இரவல் வாங்காமல், தன் சொந்தப் பெயரைத் தன் கையாலேயே போட்டார். பேனாவை எடுத்துக் கொடுத்தது லாய்-குவன்.

அன்று மாலை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மினிபஸ் சாவியை உருட்டிக்கொண்டே கேட்டான்.

“விடுக்கா. போனது போச்சு.”

“நீ விடு. நான் விடல.”

“கோடு போட்டவ நீதானே. நீயும் உள்ள போயிட்டா?”

“போனா சோறு கொண்டு வா. உனக்கு நான் கொண்டு வரல?”

அவன் ரொம்ப நாளைக்கப்புறம் லேசாகச் சிரித்தான். “உன் சமையல் அளவுக்கு இருக்காது” என்றான்.

வழக்கு தேதி வந்ததும் அவள் ஒரு கவர் வாங்கினாள். தம்பிக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்களே, அதே ஹாலிடன் கம்பெனி வக்கீல் ஆபீசுக்கு விலாசம் எழுதினாள். உள்ளே ஒரு சீட்டு: செவ்வாய்க்கிழமை, இன்ன கோர்ட்டு, பூன் என்பவருக்கும் மோக் என்பவருக்கும் வழக்கு. இடது மூலையைப் பாருங்கள். கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் வரிசையில் பூன்தான் முதலில் நின்றார்.

செவ்வாய்க்கிழமை பூன் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கூண்டில் ஏறி மார்பைத் தட்டாத குறையாகச் சொன்னார், என் போர்டு, என் வரைபடம், என் கோடு என்று. ‘என்’ என்ற சொல் அத்தனை முறை அவர் வாயிலிருந்து வந்ததை லாய்-குவன் அதுவரை கேட்டதில்லை. ஒவ்வொன்றையும் ரசித்துக் கேட்டாள். பின்வரிசையில் ஓர் இளைஞன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் செம்பட்டை முடி ஒன்று.

இந்த முறை பூன் எழுந்து போகவில்லை. ஜெயிப்பதைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். லாய்-குவனைக் கூப்பிட்டார்கள்.

ஃபிலிமைக் காட்டி, நீ போட்டதுதானா என்று பூனின் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றாள். கொக்குக்காலைக் காட்டினார். அதுவும் நான் போட்டதுதான் என்றாள். அவர் உட்கார்ந்தார். மோக்கின் வக்கீல் எழுந்தார். அவருக்கு அந்தக் கொக்குக்கால் ஓர் ஆதாரமே இல்லை என்று ஆக வேண்டும், அவ்வளவுதான்.

“இந்தக் கோடு ஏதோ ஒரு வேலைக்காகத்தான் இருக்கிறது, இல்லையா அம்மா? யார் எந்தக் கம்ப்யூட்டர் செய்தாலும் இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையா?”

“இல்லீங்க ஐயா” என்றாள் லாய்-குவன். “அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. இந்தப் போர்டுல வேலையில்லாத கோடு ரெண்டு இருக்கு. வலது மூலையில இருக்கறது முதலாளி போடச் சொன்னது.”

“இன்னொன்று?”

“இடது மூலையில. அது ஹாலிடன் மெஷின்ல இருந்தது. அத நகலெடுன்னு முதலாளி குடுத்தாரு, எடுத்தேன்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் லாய்-குவன் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார், அவருக்குப் புரியவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றியபோதுதான் தலையாட்டுவதை நிறுத்தினார். பின்வரிசை இளைஞன் எழுந்து வேகமாக வெளியே போனான். மோக் வாய்விட்டுச் சிரித்தான், தன் போர்டிலும் இடது மூலையில் அதே கோடு இருக்கிறது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அடுத்த வாரம் ஞாபகப்படுத்தினார்கள்.

சுங்கத்துறை மறுநாளே ஒன்பதாவது மாடிக்கு வந்தது. பூன் பழக்கதோஷத்தில், “எல்லாம் தைவான் சரக்கு, என்னுது இல்ல” என்று ஆரம்பித்தார். அதிகாரி ஆறு பக்கச் சத்தியப் பத்திரத்தை அவர் முன்னால் விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. லாய்-குவனிடம் நாள் முழுக்க வாக்குமூலம் வாங்கினார்கள். தான் செய்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை. உள்ளே போட்டால் போடட்டும் என்று மாற்றுத்துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனாள். அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் நண்பகல் பூனின் மனைவி போன் பண்ணினாள். பூன் போலீஸ் நிலையத்தில் இருந்தார். ஜாமீனுக்கு, அவரைத் தெரிந்தவர் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர்கள் ஒருவரும் போனை எடுக்கவில்லையாம். மச்சான் ஊரிலேயே இல்லையாம். எல்லோருக்கும் திடீரென்று அவரைத் தெரியாமல் போய்விட்டது.

“குவன், நீயாவது வா. அவரு உன் மேல கோபமாவே இல்ல. மட்டிப் பொம்பள, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா, பாவம், அவளுக்கு என்ன தெரியும்னுதான் சொன்னாரு.”

லாய்-குவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவ்வளவு செய்தும் அந்த ஆளுக்கு இன்னும் தெரியவில்லை. எல்லாம் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்! யார் அடித்தது என்று தெரியாவிட்டால் அடித்து என்ன பிரயோஜனம்?

“வரேன் முதலாளியம்மா. இதோ கிளம்பறேன்” என்றாள்.

தம்பிக்கு அன்று விடுமுறை. அவனையும் சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

நிலையத்தில் முதலாளியை ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டதால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார்.

“வந்துட்டியா குவன்! எனக்குத் தெரியும், நீ வருவன்னு. சார்ஜன்ட் சார், இவதான், என்கிட்ட பதிமூணு வருஷமா...” அவள் பின்னால் வந்தவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

சார்ஜன்ட் ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளினார். “இவரை உங்களுக்குத் தெரியும் இல்லையா?”

லாய்-குவன் அவசரப்படவில்லை. முதலாளியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள், அவிழ்ந்த கால்சட்டை வரைக்கும்.

“இவரா?” என்றாள். “பார்த்த மாதிரியே இல்லையே. யாரு இவரு?”

பூனின் வாய் திறந்தது. அந்தச் சொற்களை அவர் எங்கே கேட்டார் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. தேடிக் கண்டுபிடித்ததும் தெரிந்தது. கா-ஃபாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொக்குக்கால், வெந்நீர் டம்ளர், வறுத்த வாத்து, பேனா என்று ஒவ்வொன்றாக அவருக்கு விளங்கிக்கொண்டே வந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

லாய்-குவன் அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தாள், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். சாவு மண்டபத்தில் இறந்தவர் படத்துக்கு முன்னால் குனிவதுபோல, நிதானமாக ஒரு முறை குனிந்தாள். இரண்டாம் முறை குனிந்தாள்.

“ஏம்மா, ஏம்மா, உயிரோட இருக்கற ஆளுக்கு...” என்று சார்ஜன்ட் எழுந்தேவிட்டார்.

அவள் மூன்றாம் முறையும் குனிந்து நிமிர்ந்தாள். பக்கத்தில் கா-ஃபாயும் அவளோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்தான். பதில் வணக்கம் சொல்லப் பூனுக்கு அங்கே யாரும் இல்லை. அக்காவும் தம்பியும் வெளியே வந்து, பஸ் ஏறி, வழியில் ஊதுவத்தி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.